ஓராண்டில் 2000 புள்ளியா, ஆண்டுக்கு ஐம்பது புள்ளியா: சதுரங்க ஆர்வலர்களின் இலக்கு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் சதுரங்கம் ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தை எவ்வாறு வளர்த்துக்கொள்ளலாம் என்பது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதற்கு மறுப்பாக அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். போட்டி முடிவுகளைக் கொண்டு கணக்கிடப்படும் தரப்புள்ளியான எலோ புள்ளியில் ஓராண்டுக்குள் 2000ஐ எட்டுவேன் என்பதுபோன்ற உயர்ந்த இலக்கு இருந்தால்தான் உழைப்பு பிறக்கும் என்கிறார் கட்டுரையாளர். அத்தகைய இலக்கு ஏமாற்றத்தில்தான் முடியும், ஆண்டுக்கு ஐம்பது புள்ளி ஏறினால் அதுவே போதும் என்கிறார் கடிதம் எழுதிய வாசகர். வயது வந்த பிறகு இந்த ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகளாகக் கற்றுத் தந்துவருபவன் என்ற முறையில், இருவர் சொல்வதையும் என்னால் ஏற்க இயலவில்லை. இலக்கின் அளவில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். புள்ளிதான் இலக்கு என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றே. நல்ல ஆர்வலர்கள் பலரை இரண்டு மூன்று ஆண்டுகளில் பலகையை மூடி வைக்கச் செய்வது அந்த ஒருமித்த கருத்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஒருவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை இந்தப் புள்ளி அளப்பதில்லை. குறிப்பிட்ட புள்ளியுள்ள இன்னொருவரோடு பலமுறை ஆடினால் சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்று மட்டுமே அது கணிக்கிறது. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று கொண்டால், எதிராளியைவிட 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு 64 பங்கையும், 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 76 பங்கையும், 400 புள்ளி கூடுதலாக உள்ளவர் 91 பங்கையும் எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு.

இந்தக் கணக்கை ஒருவர் தம்மீதே பொருத்திப் பார்க்க வேண்டும். இன்று 1600இல் இருப்பவர் அடுத்த ஆண்டு 2000இல் இருப்பேன் என்று சொன்னால், அடுத்த ஆண்டின் தாம் இன்றைய தம்மோடு பதினோரு ஆட்டங்கள் ஆடி, பதினொன்றுக்குப் பத்து என்ற கணக்கில் வெல்வேன் என்றே சொல்கிறார். இன்றைய அவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். குதிரையின் இரட்டைத் தாக்குதலைப் பெரும்பாலும் கண்டுகொள்வார். ராஜாவை நேரத்தோடு கோட்டைக்குள் கொண்டுபோய்விடுவார். ஒரு காய் கூடுதலாகக் கிடைத்தால் பல ஆட்டங்களை வென்றும் விடுவார். அத்தகைய ஒருவரைப் பதினொன்றில் பத்து என்ற அளவில் வெல்ல வேண்டுமானால் ஒன்றிரண்டு தவறுகளைத் திருத்திக்கொள்வது போதாது. பலகையைப் பார்க்கும் முறையே மாற வேண்டும். அந்த மாற்றம் வயது வந்தவர்களுக்கும் நிகழ்கிறது, நிகழ்வதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அது நாட்காட்டியைக் கேட்டு நிகழ்வதில்லை.

மாற்றம் உண்மையிலேயே நிகழ்ந்துவிட்டாலும் எண் அதை உடனே காட்டாது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொள்ளவில்லை. முதல் 30 ஆட்டங்களைக் கடந்த, 2400ஐ இன்னும் எட்டாத வயது வந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு, ஓர் ஆட்டத்தின் முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை 20ஆல் பெருக்கிக் கூட்டுவதோ கழிப்பதோ ஃபிடேயின் விதி. ஒருவருடைய வலிமை ஒரே இரவில் 200 புள்ளி அளவுக்கு உயர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அன்றைய தம் எண்ணுக்கு நிகரானவர்களோடு அவர் ஆடும்போது தொடக்கத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து புள்ளிதான் கூடும். எண் ஏற ஏற அந்த ஐந்தும் குறைந்துகொண்டே வரும். பணியில் இருப்பவர் ஒருவர் ஓராண்டில் 40 போட்டி ஆட்டங்கள் ஆடுவதே அரிது. அந்த 40 ஆட்டங்களும் முடிந்த பிறகும் அவருடைய எண் அவருடைய உண்மையான வலிமையைவிட ஏறத்தாழ 60, 70 புள்ளி பின்தங்கியே நிற்கும். நடக்க முடியாத அற்புதம் நடந்த ஒருவரையே அந்த எண் ஆண்டு முழுவதும் தோற்றவராகக் காட்டும் என்றால், மெல்ல மெல்ல வளரும் சாதாரண ஆர்வலரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னோர் உண்மையையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 2024 மார்ச் 1 அன்று ஃபிடே 2000க்குக் கீழே இருந்த ஆட்டக்காரர்களின் புள்ளிகளை ஒரே முறையாக உயர்த்தியது. ஒருவருடைய புள்ளிக்கும் 2000க்கும் இடையிலிருந்த தொலைவில் ஐந்தில் இரண்டு பங்கு அவருக்குக் கூட்டப்பட்டது. பட்டியலில் இடம்பெறுவதற்கான மிகக் குறைந்த புள்ளி 1000இலிருந்து 1400ஆக உயர்த்தப்பட்டது. பிப்ரவரி இறுதியில் 1500ஆக இருந்தவர் மார்ச் முதல் நாளில் 1700 ஆனார். 1700ஐ அந்த ஆண்டின் இலக்காக வைத்திருந்தவர் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் இலக்கை அடைந்துவிட்டார். கீழ்நிலையில் புள்ளிகள் தாழ்ந்துபோய்க் கிடந்ததைச் சரிசெய்யத் தக்க காரணங்களோடு எடுக்கப்பட்ட முடிவு அது. அதில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் ஒரு நிர்வாக முடிவால் ஒரே நாளில் நிறைவேறிவிடக்கூடிய ஒன்றை, மனிதர் தம் ஓராண்டு உழைப்பின் அளவுகோலாக வைத்துக்கொள்வது எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இணையத்தில் ஆடுபவர்களின் நிலை இதைவிடக் குழப்பமானது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு கணக்கை வைத்திருப்பதால் ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று இடங்களில் மூன்று எண்கள் இருக்கின்றன.

ஆண்டுக்கு ஐம்பது புள்ளி போதும் என்ற வாசகரின் அடக்கம் எனக்குப் பிடித்திருந்தாலும், அந்த இலக்கு கட்டுரையாளரின் இலக்கைவிடக் கூடுதலான தீங்கு செய்யும் என்றே கருதுகிறேன். தமக்கு நிகரானவர்களோடு ஆடும் பத்து ஆட்டங்களில் ஐந்துக்குப் பதிலாக ஆறரை எடுப்பது, ஆட்டத்தில் எந்த முன்னேற்றமும் இல்லாமலே அடிக்கடி நிகழக்கூடிய ஒன்று. அந்த ஒன்றரைக்கு 30 புள்ளி கூடிவிடும். அடுத்த பத்து ஆட்டங்களில் மூன்றரை எடுத்தால் அது போய்விடும். ஆக, ஐம்பது புள்ளி என்பது ஓராண்டில் தற்செயலாகவே ஏறி இறங்கும் எல்லைக்குள் இருக்கிறது. அதை எட்டியவர் தாம் வளர்ந்துவிட்டதாக நினைப்பதற்கும், எட்டாதவர் தம்மால் இயலாது என்று முடிவுகட்டுவதற்கும் ஒரே அளவுக்குத்தான் ஆதாரம் உண்டு, அதாவது ஏறத்தாழ ஏதுமில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, சிறிய புள்ளி இலக்கு ஒருவருடைய ஆட்டத்தை என்ன செய்கிறது என்பது. ஐம்பது புள்ளியை விரைவில் சேர்க்க எளிய வழி, எதிராளிக்குப் பழக்கமில்லாத பொறிகளைக் கொண்ட தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொள்வதுதான். அவற்றில் சில ஆட்டங்கள் பதினைந்து நகர்த்தல்களுக்குள் முடிந்துவிடும், புள்ளியும் ஏறும். ஆனால் பொறியைத் தெரிந்துவைத்திருக்கும் எதிராளி வந்தவுடன், நடு ஆட்டத்தில் தம் காய்களை எங்கே வைப்பது என்று அறியாமல் மனப்பாடம் செய்தவர் நிற்பார். அடுத்தது, வலிமையானவர்கள் கலந்துகொள்ளும் பிரிவைத் தவிர்த்துக் கீழ்ப்பிரிவில் பெயர் கொடுப்பது. அதற்கடுத்தது, சற்று மேலான நிலை இருக்கும்போதே டிரா கேட்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது, 1800, 1900 போன்ற ஒரு முழு எண்ணைத் தொட்டவுடன் அது இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் போட்டிகளுக்குச் செல்வதையே நிறுத்திவிடுவது. ஆட்டத்தின்மீது அன்பு கொண்டு வந்த ஒருவர் ஆடாமல் இருப்பதன் மூலம் தம் சாதனையைக் காத்துக்கொள்ளும் நிலைக்கு வருவதைப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒவ்வொரு சதுரங்கக் கழகத்திலும் இப்படிப்பட்டவர் ஒருவராவது இருப்பார் என்று நினைக்கிறேன்.

கட்டுரையாளர் தம் வாதத்துக்குத் துணையாகக் குகேஷைக் காட்டியிருந்தார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே மிக இளைய உலகச் சாம்பியன் ஆக வேண்டும் என்று அவர் சொன்னதையும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்று 18 வயதில் அதை நிறைவேற்றியதையும் நாம் அனைவரும் அறிவோம். 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனை அதனால் முறியடிக்கப்பட்டது. பெருமைக்குரிய அந்த நிகழ்வைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதே குகேஷின் வாழ்வில், இந்த விவாதத்துக்கு இன்னும் நெருக்கமான வேறொரு செய்தி இருக்கிறது. 2019 ஜனவரியில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 12 ஆண்டுகள், 7 மாதங்கள், 17 நாட்கள். அன்றைக்கு உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை வைத்திருந்த செர்கேய் கர்யாக்கின் அப்பட்டத்தை வென்ற வயது சரியாக 12 ஆண்டுகளும் 7 மாதங்களும். பதினேழு நாட்களில் ஒரு பெரிய இலக்கு தவறிப்போயிற்று. அந்தப் பதினேழு நாட்களுக்கு முன்னும் பின்னும் அச்சிறுவனின் ஆட்டம் ஒன்றாகவே இருந்தது. இலக்கு தவறியதால் அவர் கற்றவற்றில் ஒரு நகர்த்தல்கூடக் குறைந்துவிடவில்லை. அந்தச் சாதனைக்காகத்தான் ஆடினேன் என்று அவர் அப்போது ஓய்ந்திருந்தால் சிங்கப்பூர் ஆட்டங்கள் நடந்திருக்கமாட்டா.

தவிரவும், சிறுவயதில் இதே ஆசையைச் சொல்லி இதே அளவுக்கு உழைத்தும் எட்டாமல் போனவர்களை எந்த நிருபரும் தேடிச் செல்வதில்லை. வென்றவரின் இலக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இலக்குதான் அவரை வெல்ல வைத்தது என்று முடிவுகட்டுவது முறையாகாது. நான்காம் வகுப்புக்குப் பிறகு வழக்கமான பள்ளிப் படிப்பையே விட்டு ஆட்டத்துக்குத் தம்மைக் கொடுத்த ஒருவரின் இலக்கு, மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் மகிழும் ஒருவருக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். அர்ஜென்டினாவின் சதுரங்க ஆட்டக்காரர்களைப் பற்றி ஃபெர்னான் கோபே, கிய்யெர்மோ காம்பிடெல்லி ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாஸ்டர் நிலையை எட்டியவர்கள் அதற்குச் செலவிட்ட பயிற்சி நேரம் சராசரியாகச் சுமார் 11,000 மணி. அவர்களுள் மிக விரைவில் எட்டியவருக்குச் சுமார் 3,000 மணியும், மிகத் தாமதமாக எட்டியவருக்கு 23,000 மணிக்கு மேலும் ஆயிற்று. வாரம் ஐந்து மணி ஒதுக்கக்கூடியவருக்கு ஆண்டுக்கு 260 மணி கிடைக்கும். அந்த ஆய்வில் மிக விரைவாக வளர்ந்தவரைப் போன்றவராகவே ஒருவர் இருந்தாலும், இந்த வேகத்தில் அவருக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2000 என்பது மாஸ்டர் நிலைக்குக் கீழே உள்ளதால் அதற்கு இவ்வளவு தேவைப்படாது என்பது உண்மையே. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஏழெட்டு மடங்கு வேறுபடும் ஒன்றுக்கு, யாரோ ஒருவர் எல்லோருக்குமாக ஓராண்டு என்று கெடு வைப்பது எந்த அடிப்படையில் என்றுதான் கேட்கிறேன். தாம் அந்த வரிசையில் எங்கே இருக்கிறோம் என்பது பல ஆண்டுகள் ஆடிய பிறகே எவருக்கும் தெரியவரும்.

உயர்ந்த இலக்கே நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததும் பாதி உண்மை. எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகள், 'முடிந்ததைச் செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிடத் தெளிவான, கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டின. ஆனால் சிக்கலான ஒரு திறனை ஒருவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்போது நிலைமை வேறு. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியைப் போலவே அமைக்கப்பட்ட ஒரு பயிற்சியை வைத்து ரூத் கான்ஃபர், ஃபிலிப் ஆக்கர்மன் ஆகியோர் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், கற்கத் தொடங்கிய கட்டத்திலேயே மதிப்பெண் இலக்கு கொடுக்கப்பட்டபோது அது கற்றலுக்கு இடையூறாயிற்று; வேலையைப் புரிந்துகொள்ளச் செலவாக வேண்டிய கவனம், இலக்கை நெருங்கிவிட்டோமா என்று பார்ப்பதில் செலவாயிற்று. லேதமும் பிற்காலத்தில் இத்தகைய சூழலில் இவ்வளவு எடுப்பேன் என்ற இலக்கைவிட இன்னின்ன வழிகளைக் கற்றுக்கொள்வேன் என்ற இலக்கே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தவர்களுள் ஒருவர். சதுரங்கத்தில் இதைப் பலகையின் முன்னாலேயே காணலாம். புள்ளியை நினைத்துக்கொண்டு ஆடுபவர் இருபதாம் நகர்த்தலில் நிலையைப் பார்ப்பதில்லை. தோற்றால் எவ்வளவு போகும் என்று மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே, ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்ள விரும்புவதில் ஆசை எவ்வளவு வேண்டுமானாலும் பெரியதாக இருக்கட்டும், அதற்குக் கெடு வேண்டாம். இந்த மாதம் செய்யப்போவது எது என்பதற்குக் கெடு இருக்கட்டும், அது தம் கையில் இருக்கும் நேரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். இவ்வாறு பொதுவாகச் சொல்வது எளிது என்பதால், ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே தர விரும்புகிறேன்.

யானைகள் மட்டும் எஞ்சும் இறுதியாட்டங்களை எடுத்துக்கொள்வோம். மற்ற வகை இறுதியாட்டங்களைவிட இவையே அதிகமாக வருகின்றன. ஒருபுறம் யானையும் ஒரு சிப்பாயும், மறுபுறம் யானை மட்டும் என்ற நிலையில் அறிய வேண்டிய அடிப்படைகள் இரண்டு. குறைந்த காய் உள்ளவர் தம் யானையைத் தம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கிடைவரிசையில் நிறுத்தி, எதிரி ராஜா முன்னேறாமல் தடுத்து, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஃபிலிடோர் நிலை. சிப்பாய் ஏழாம் வரிசைக்கும் அதன் ராஜா எட்டாம் வரிசைக்கும் வந்துவிட்ட பிறகு, வெல்ல வேண்டியவர் தம் யானையை நான்காம் வரிசைக்கு உயர்த்தி, வெளியே வரும் ராஜாவுக்குச் செக்குகளிலிருந்து மறைப்பாக அதை நிறுத்துவது லூசெனா நிலை. இரண்டையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்தவரைக் கேட்டால் தெரியும் என்பார். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருக்கும்போது கணினிக்கு எதிராக ஆடச் சொன்னால் பத்தில் நான்கு முறை தவறுவார். எந்தப் பக்கத்தில் இருந்தாலும், எந்த நெடுவரிசையில் சிப்பாய் இருந்தாலும், நேர நெருக்கடியிலும் தவறாமல் ஆடிக்காட்டுவேன் என்பது ஒரு பேராசை மிக்க இலக்கு. 2000ஐக் கடந்தவர்களிலும் பலருக்கு அது கைகூடுவதில்லை. ஆனால் அதில் தற்செயலுக்கு இடமில்லை, எதிராளியின் தயவு தேவையில்லை, எந்தக் கூட்டமைப்பின் முடிவாலும் அது கூடவோ குறையவோ செய்யாது. வாரம் மூன்று மணி உள்ளவரும் அதை எட்டலாம். சற்றுத் தாமதமாக எட்டுவார், அவ்வளவே.

தோற்ற ஆட்டங்களை ஆராய்வதும் இத்தகையதே. ஆட்டம் முடிந்தவுடன் கணினியைத் திறந்து எந்த நகர்த்தலில் தவறினோம் என்று பார்ப்பதைக் கற்பதாக நினைக்கிறோம். அதிலிருந்து நமக்குக் கிடைப்பது விடை மட்டும்தான். கணினியைத் தொடும் முன், ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் தாம் என்ன நினைத்தோம், எதை அஞ்சினோம், எந்த நகர்த்தலைக் கண்டும் ஒதுக்கினோம் என்பதைத் தம் கையால் எழுதிவிட்டுப் பிறகு சரிபார்த்தால், அடுத்த ஆட்டத்தில் மாற வேண்டியது எது என்பது தெரியும். முன்னாள் உலகச் சாம்பியன் மிகயில் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்வதையும், அந்த ஆராய்ச்சியைப் பிறர் குறை காணும்படி வெளியிடுவதையும் வளர்ச்சிக்கான முதன்மை வழியாக வற்புறுத்தினார். அவர் காலத்தில் உதவக் கணினி இல்லை என்பது உண்மை. தம் சிந்தனையின் குறையைக் கணினி இன்றும் சொல்லாது என்பதும் உண்மை. இந்த ஆண்டு ஆடிய ஒவ்வொரு போட்டி ஆட்டத்தையும் இவ்வாறு எழுதி முடிப்பேன் என்று ஓர் ஆர்வலர் உறுதி எடுத்தால், அது ஓராண்டுக் கெடுவுக்கு முற்றிலும் தகுதியான இலக்கு. செய்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும்.

இவ்வகைப் பயிற்சி ஏன் மெதுவாகப் பலன் தருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகியோரின் 1973ஆம் ஆண்டு ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில நொடிகள் பார்த்த மாஸ்டர், காய்களின் இடங்களைத் தொடக்கநிலை ஆட்டக்காரரைவிட மிகச் சிறப்பாக நினைவிலிருந்து அடுக்கினார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பியபோது அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. அவருடைய பலம் பொதுவான நினைவாற்றலில் இல்லை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அமைப்புகளின் பழக்கத்தில் இருந்தது. அந்தச் சேமிப்பு கண்ணுக்குத் தெரியாமல் நீண்ட நாள் சேர்ந்து, பிறகே ஆட்ட முடிவுகளில் வெளிப்படும். இடைப்பட்ட மாதங்களில் புள்ளி அசையாமலோ இறங்கியோ இருக்கலாம். வெப்பமானியை மணிக்கொரு முறை பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது என்பதை அறிந்த நாம், இதில் மட்டும் பொறுமை இழக்கிறோம்.

வயது வந்தவர்கள் சிறுவர்களிடம் தோற்றுவிட்டு மனமுடைவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2300 புள்ளி வரை 20க்குப் பதிலாக 40ஆல் பெருக்க வேண்டும் என்று ஃபிடே வகுத்திருப்பதே, அவர்களுடைய எண் அவர்களுடைய வளர்ச்சியைப் பிடிக்க முடியாமல் பின்தங்குகிறது என்பதற்காகத்தான். 1600 என்று பட்டியலில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை உண்மையில் 1800 அளவில் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் தோற்றவர் தம் ஆட்டத்தின் மேல் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை எடுத்து ஆராய்ந்தால் போதும்.

புள்ளியைப் பார்க்கவே கூடாது என்பது என் கருத்தன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, நாற்பது ஐம்பது ஆட்டங்களுக்கு ஒருமுறையோ பார்த்து, செய்துவரும் பயிற்சி பலன் தருகிறதா என்று மதிப்பிட அது பயன்படும். ஈராண்டுகள் கடுமையாக உழைத்தும் எண் அசையவில்லை என்றால் பயிற்சியில் ஏதோ பொருந்தவில்லை என்று பொருள் கொண்டு, உழைப்பின் முறையை மாற்றலாம். என்றேனும் 2000 ஆக வேண்டும் என்ற கனவை மனத்தில் வைத்திருப்பவரிடமும் அதை விடச் சொல்ல மாட்டேன். அந்தக் கனவுதான் அவரை வலிமையானவர்களின் பிரிவில் பெயர் கொடுக்கச் செய்யும், பொறிகளை விட்டுவிட்டு நல்ல தொடக்கங்களைக் கற்கச் செய்யும். ஐம்பது புள்ளி இலக்கால் அவை நடக்கமாட்டா என்பதாலேயே கட்டுரையாளரின் பக்கம் எனக்குச் சற்றுக் கூடுதலான பரிவு உண்டு. அவர் அந்தக் கனவோடு சேர்த்து ஒட்டிய தேதியை மட்டும் கிழித்துவிட வேண்டும் என்கிறேன்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வார இணைப்பில் வெளியாகும் சதுரங்கப் புதிர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நகர்த்தலில் செக்மேட் என்ற ஒரே வகையில் இருக்கிறது. விடையும் அடுத்த வாரம் ஒரே வரியில் வருகிறது. அதை ஆர்வலர்களுக்குப் பயன்படும் வகையில் மாற்ற இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். மாதத்தில் இரண்டு வாரங்களாவது, வெற்றியா டிராவா என்று வாசகரே முடிவுசெய்ய வேண்டிய எளிய இறுதியாட்ட நிலை ஒன்றைத் தரலாம். விடையை வெளியிடும்போது, சரியான நகர்த்தலோடு, பெரும்பாலோர் முதலில் நினைக்கக்கூடிய தவறான நகர்த்தலையும் அது ஏன் தோற்கிறது என்பதையும் நான்கு வரிகளில் விளக்கலாம். முதல் புதிராக ஃபிலிடோர் நிலையையே தரலாம். மூன்றாவது வரிசையில் நிற்கும் யானையை ஒரு நகர்த்தல் முன்னதாகவே அங்கிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்